வட ஸ்பெயினின் கடலோரக் கிராமங்களையும் மலைக் கிராமங்களையும் கார் இல்லாமல் சுற்றிப் பார்க்க முடியுமா?

முடியும். நான் போய் வந்திருக்கிறேன். அதுவும் அறுபத்தாறு வயது அம்மாவைக் கூட்டிக்கொண்டு.

கணவன் மனைவி இரண்டு பேர், சைவம், ஆறு நாள் விடுமுறை, இருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது, பட்டியலில் எட்டு ஊர் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு ஏற்கெனவே வந்திருக்கும் பதில்கள் எல்லாம் "கார் இல்லையென்றால் பேசாமல் பார்சிலோனாவோடு திரும்பிவிடுங்கள்" என்ற தோரணையில் இருக்கின்றன. அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "கார் இல்லையா?" என்ற கேள்வி எனக்கு ஆறாத புண். அந்தக் கதை பிறகு வரும்.

முதலில் கார்காரர்களுக்கு ஒரு சேதி. அஸ்தூரியாஸ் மாநிலத்தில், பிகோஸ் தெ எவுரோப்பா மலைகளுக்குள் புல்னெஸ் என்று ஒரு கிராமம் இருக்கிறது. அந்த ஊருக்குச் சாலையே கிடையாது. எவ்வளவு பெரிய வண்டி வைத்திருந்தாலும் கீழே போன்செபோஸில் நிறுத்திவிட்டு, மலையைக் குடைந்து போட்ட இழுவை ரயிலில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் நடக்க வேண்டும். ரயில் ஏழு நிமிடத்தில் 402 மீட்டர் ஏற்றிவிடுகிறது. அந்த ரயிலும் 2001இல் வந்ததுதான். அதற்கு முன் மளிகைச் சாமான் முதல் நோயாளி வரை எல்லாம் மலைப்பாதையில்தான். கோவதோங்கா ஏரிகளுக்கும் கோடையில் பகல் நேரத்தில் சொந்தக் காரை ஏற விடமாட்டார்கள், பேருந்தில்தான் போக வேண்டும். கலீசியாவில் ரிபதேயோ பக்கம் இருக்கும் கதீட்ரல் கடற்கரையில் கடல் வற்றினால்தான் அந்தப் பாறை வளைவுகளுக்கு அடியில் நடக்க முடியும். கோடையில் முன்கூட்டியே அனுமதி வேறு பதிவு செய்ய வேண்டும். கார் வைத்திருப்பவருக்காகக் கடல் சீக்கிரம் வற்றுவதில்லை.

சரி, எங்கள் கதை. நான் ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தபோது, செப்டம்பர் முதல் வாரத்தில் கிளம்பினோம். அஸ்தூரியாஸின் தலைநகரான ஒவியேதோவிலிருந்து ரயில், வழியில் பிராவியாவில் மாறி, குதியேரோ என்ற மீனவ ஊருக்கு. மீட்டர் கேஜ் ரயில் என்றதும் அம்மாவுக்குச் செங்கோட்டை லைன் ஞாபகம் வந்துவிட்டது. வடக்குக் கடற்கரை நெடுக ஓடும் குட்டி ரயில் அது. கிஹோனுக்கும் ஃபெர்ரோலுக்கும் இடையிலான பாதையை முழுசாகப் போட்டு முடிக்கவே 1972 ஆகிவிட்டது. குகை, பாலம், குகை, சோளக்கொல்லை, திடீரென்று இரண்டு விநாடி கடல், மறுபடி குகை. இந்தக் குகைகள் எவ்வளவு குறுகல் என்றால், அஸ்தூரியாஸுக்கும் பக்கத்து மாநிலமான கந்தாப்ரியாவுக்குமாக 2020இல் 31 புது ரயில்கள் ஆர்டர் கொடுத்துவிட்டு, வண்டியின் அளவு குகைக்குள் போகாது என்று பிறகுதான் கண்டுபிடித்தார்கள். 2023இல் அது பெரிய செய்தியாகி, ரயில்வே தலைவரும் போக்குவரத்துத் துறைச் செயலாளரும் பதவி விலகினார்கள். நல்லவேளை, வண்டி கட்ட ஆரம்பிக்கவில்லை. இந்த ரயில் மெதுவாகத்தான் போகும், எண்ணிக்கையும் குறைவு, மறுக்கவில்லை. அவசரக்காரர்களுக்கு இது சரிப்படாது.

குதியேரோ ஸ்டேஷன் மேட்டில் இருக்கிறது, ஊர் பள்ளத்தில். அதை எந்தப் படத்திலும் காட்டமாட்டார்கள். பெட்டியின் சக்கரம் கடகடவென்று சத்தம் போட, தூறலில் இறங்கினோம். அந்தத் தூறலுக்கு அங்கே ஒர்பாயு என்று பெயர். குடை பிடித்தால் வெட்கமாக இருக்கும், பிடிக்காவிட்டால் பத்து நிமிடத்தில் தொப்பலாக நனைந்திருப்போம். கடைசி வளைவு திரும்பியதும் துறைமுகத்தைச் சுற்றி அரைவட்டமாக, ஒன்றின் தலையில் ஒன்று ஏறி உட்கார்ந்த மாதிரி வீடுகள். மஞ்சள், நீலம், ஆரஞ்சு ஜன்னல்கள். ஒரு பால்கனியில் தோலுரித்த குட்டிச் சுறாவைத் துணி காயப்போட்ட மாதிரி தொங்கவிட்டிருந்தார்கள். குராதியோ என்பார்கள், அந்த ஊர்க் கருவாடு. ஜென்மத்தில் மீன் தொடாத அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது எந்த ஊர்லயும் ஒரே வாடைதான்யா" என்றாள்.

இறங்கிச் சேர்ந்தபோது மணி நாலே கால். காலையில் ஒவியேதோவில் ரொட்டியும் காபியும் சாப்பிட்டதோடு சரி. துறைமுகத்தைச் சுற்றி வரிசையாக உணவகங்கள், எல்லாவற்றிலும் ஆட்கள், எங்கே கேட்டாலும் ஒரே பதில்: கொசினா செராதா. அடுப்பு மூடியாயிற்று. நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். எந்த வண்டியில் போகிறீர்கள் என்பதெல்லாம் அப்புறம். மதியச் சாப்பாடு ஒன்றரையிலிருந்து மூன்றரை, மிஞ்சினால் நாலு. ராத்திரிச் சாப்பாடு எட்டரைக்கு மேல். நடுவில் குடிக்க மட்டும்தான் கிடைக்கும். நகரத்தில் எப்படியாவது சமாளிக்கலாம், கிராமத்தில் முடியாது.

நாலாவது கடையில் ஒரு அம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய் ரொட்டியும் தக்காளியும் இரண்டு கிண்ணமும் கொண்டுவந்து வைத்தார். கிண்ணத்தில் அரோஸ் கொன் லெச்சே. பாலில் குழையக் குழைய வேகவைத்த அரிசி, எலுமிச்சைத் தோல், பட்டை வாசனை. மேலே சர்க்கரையைத் தூவிச் சூட்டுக்கோல் வைத்துக் கருக்கியிருந்தார்கள். கரண்டியால் தட்டினால் கடலைமிட்டாய் மாதிரி உடைந்தது. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "பால் பாயாசம்தான். ஏலக்காய் இல்லாம பட்டை போட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு என் கிண்ணத்தையும் இழுத்துக்கொண்டாள்.

சைவம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். "சின் கார்னே" என்று மட்டும் சொன்னால் இறைச்சி இல்லாமல் என்றுதான் அர்த்தம். பன்றித்தொடை ஹமோனும் சூரை மீனும் அவர்கள் கணக்கில் அதற்குள் வராமல் போகலாம். எனக்குச் சாலட்டில் சூரை மீன் வந்தது. ஆகவே மூன்றையும் சொல்லுங்கள்: சின் கார்னே, சின் ஹமோன், சின் அத்தூன். அந்த ஊரின் பெருமை ஃபபாதா. பெரிய வெள்ளை மொச்சையை வேகவைப்பதே பன்றித் தொத்திறைச்சியோடுதான். "இறைச்சியை எடுத்துவிட்டுத் தருகிறோம்" என்று அன்பாகச் சொல்வார்கள், அன்பாக மறுத்துவிடுங்கள். கப்ராலெஸ் சீஸ் ஊற்றிய உருளைக்கிழங்கு, பொரித்த பச்சைமிளகாய், காய்கறி வதக்கல், பாயாசம் என்று ஓட்டிவிடலாம். (சீஸில் ரென்னெட், அதாவது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள், இருக்கிறது என்று எழுத வருபவர்களுக்கு: தெரியும். அம்மாவுக்கும் சொன்னேன். "சொல்லாம இருந்திருக்கலாம்" என்றாள்.)

மூன்று ராத்திரி குதியேரோவிலேயே தங்கினோம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தினம் ஒரு ஊர் என்று நீங்கள் போட்டிருக்கும் பட்டியலை அதனால்தான் கிழித்துப்போடச் சொல்கிறேன். ஒரு நாள் பக்கத்தில் சோமாவோ என்ற மேட்டுக் கிராமத்துக்கு டாக்ஸியில் போனோம். அந்தக் குளிரூரில் வீட்டு வாசலில் பனை வகை மரம்! கியூபாவுக்கும் மெக்சிகோவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் பிழைக்கப் போய், காசோடு திரும்பியவர்கள் கட்டிய மாளிகைகள் அவை. இந்தியானோ வீடு என்பார்கள். அமெரிக்கா போய் வந்தவன் என்பதற்கு அந்த மரம்தான் அடையாளம். காரைக்குடிப் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அங்கேதான் அம்மா ஓர்ரெயோவைக் கண்டுபிடித்தாள். (காதில் ஓரியோ என்று விழும். பிஸ்கட் இல்லை.) நாலு கல்தூண் மேல் நிற்கும் மரவீடு, அந்த ஊர்த் தானியக் களஞ்சியம். ஒவ்வொரு தூணின் தலையிலும் அம்மிக்கல்லை விட அகலமான ஒரு தட்டைக் கல்லைப் படுக்கப் போட்டு, அதற்கு மேல்தான் மரச்சட்டம். இந்தக் கல் எதற்கு என்று நான் போனில் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா தூணைத் தடவிப் பார்த்து, "எலி தூண்ல ஏறும், தலைகீழாத் தொங்கிட்டு இந்தக் கல்லைத் தாண்டுமா?" என்றாள். சரியான பதில் அதுதான். படிக்கட்டும் களஞ்சியத்தைத் தொடாமல் ஒரு எட்டு தள்ளி நிற்கும், அதே எலிக் கணக்குத்தான். இப்போது உள்ளே சோளம் இல்லை. சைக்கிளும் வெங்காயச் சரமும் இருந்தன. நாங்கள் பார்த்ததில் ஒன்றிரண்டு கூரை சரிந்து கிடந்தன, அந்த வீடுகளில் ஆள் இல்லை.

இனி என் அசட்டுத்தனம். மறுநாள் லுவார்காவுக்குப் பேருந்தில் போனோம். வெள்ளை வீடுகள், ஊருக்கு நடுவே வளைந்து ஓடும் ஆறு, கடலுக்கு மேல் குன்றில் ஒரு கல்லறைத் தோட்டம். 1959இல் மருத்துவ நோபல் வாங்கிய செவேரோ ஒச்சோவா அந்த ஊர்க்காரர், அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். கல்லறைக்குள் வரமாட்டேன் என்று வாசலில் நின்ற அம்மா, கடலைப் பார்த்ததும் உள்ளே வந்துவிட்டாள். எல்லாம் முடித்து ஆறு மணி வண்டிக்கு நின்றால், வண்டி வரவில்லை. அட்டவணையில் "லபோராப்லெஸ்" என்ற பத்தியைப் பார்த்திருக்கிறேன், அதாவது வேலை நாள். அன்றைக்குத் தேதி செப்டம்பர் 8, அஸ்தூரியாஸ் மாநில தினம், பொது விடுமுறை. கடைகள் பூட்டியிருந்ததைக் காலையிலிருந்து பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது.

டாக்ஸிக்குச் சொல்லிவிட்டு எதிரே இருந்த ஆப்பிள் மதுக் கடையில் ஒதுங்கினோம். அதை அங்கே ஸித்ரா என்பார்கள். "யாரு சித்ரா?" என்றாள் அம்மா. ஊற்றுபவர் பாட்டிலைத் தலைக்கு மேல் கை எட்டும் உயரத்துக்குத் தூக்குகிறார், மற்றக் கையில் தம்ளரைத் தொடைக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடிக்கிறார், இரண்டையுமே பார்க்காமல் வாசலைப் பார்க்கிறார். நூல் மாதிரி இறங்கி, தம்ளரின் உள்விளிம்பில் பட்டு நுரைக்கிறது. இரண்டு விரல் அளவுதான். நுரை அடங்குவதற்குள் ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்து, வாய் வைத்த பக்கமாகவே தரையில் ஊற்றிவிட்டு, அதே தம்ளரை அடுத்தவருக்கு நீட்டுகிறார்கள். அம்மா உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "எச்சியைக் கழுவித்தான் குடுக்காங்க" என்று சான்றிதழ் கொடுத்தாள். இந்த ஆப்பிள் மதுப் பண்பாட்டை 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். நான் நாலு குடித்தேன். காரில் போயிருந்தால் ஒன்றும் குடித்திருக்க முடியாது என்பதையும் பதிவு செய்கிறேன்.

டாக்ஸிக்கு ஐம்பது யூரோவுக்குச் சற்று மேல் ஆயிற்று. அம்மா அதை வெள்ளந்தியாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சொல்லிவிட்டாள். இரண்டே நிமிடத்தில் அத்தானிடமிருந்து பதில்: "அந்தக் காசுக்கு ஒரு நாள் கார் எடுத்திருக்கலாமே மாப்ளே. இன்னும் லைசென்ஸ் வாங்கலையா?" கூடவே சிரிக்கும் பொம்மை மூன்று. என் அக்கா கணவர் நல்ல மனிதர்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கல்யாண வீடு, கிரகப்பிரவேசம், ஒரு துஷ்டி வீட்டில்கூட இதே கேள்வி. ஜெர்மனியில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால் இந்திய உரிமம் செல்லாது, எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் புதிதாக எழுத வேண்டும் என்று எத்தனை தடவை விளக்குவது? முதல் முறை, போர்டு இல்லாத முக்கில் வலது பக்கம் வந்த வண்டிக்கு வழி விடவில்லை என்று தோற்றேன். இரண்டாம் முறை, திரும்பும்போது கண்ணாடியைப் பார்த்தேன், தோளுக்கு மேல் தலையைத் திருப்பிப் பார்க்கவில்லையாம். பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குள் பதினோரு வருஷம் பைக் ஓட்டியவன் நான். அங்கே தலையைத் திருப்பினால் முன்னால் மாடு இருக்கும். சரி, இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லாதது. விடுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது: குதியேரோ அல்லது லுவார்காவில் மூன்று ராத்திரி, மலைப்பக்கத்து ஊரான அரேனாஸ் தெ கப்ராலெஸில் இரண்டு ராத்திரி. அரேனாஸிலிருந்து போன்செபோஸ் ஆறு கிலோமீட்டர் அளவுதான், டாக்ஸி கிடைக்கும், அங்கிருந்து புல்னெஸ். உங்கள் பட்டியலில் இருக்கும் சாந்தில்யானா தெல் மார் அழகான ஊர்தான், ஆனால் அரேனாஸையும் தாண்டிக் கிழக்கே, கந்தாப்ரியாவில் இருக்கிறது. பெயரில் இருக்கும் மாதிரி அங்கே கடலும் இல்லை. ஆகஸ்ட் வேண்டாம், ஸ்பெயின்காரர்களே எல்லா அறையையும் எடுத்திருப்பார்கள். பேருந்து அட்டவணையில் "ஃபெஸ்தீவோஸ்", அதாவது விடுமுறை நாள், என்ற பத்தியையும் சேர்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டாக்ஸிக்காரர் எண்ணும் கையில் இருக்கட்டும்.

எனக்கு அடுத்த மாதம் மூன்றாவது தேர்வு. அம்மாவுக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன். குழுவில் போடமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள்.