கூரை ஏறி வேடிக்கை பார்த்தவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலப் பயண எழுத்தாளர் இஸபெல்லா பேர்டின் ஜப்பான் பயணத்தைச் சாஸ்ஸா தைகா மங்காவாக, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையாக, வரைந்திருப்பது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அந்தத் தொடரைத் தேடிப் படித்தேன். பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் ஓர் உறுத்தல். ஏழைக் கிராமத்து மக்கள் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்து வாய்பிளப்பதைக் காட்டிச் சிரிக்க வைப்பது சரிதானா? நானும் ஒரு பழைய பயணக்குறிப்பை வைத்து 20 பக்கச் சித்திரக்கதை வரைந்துகொண்டிருக்கிறேன். ஊர்க்காரர்கள் கண்ணாடியைப் பார்த்து மிரள்கிறார்கள், கடிகாரத்தைப் பார்த்து மிரள்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் நகைச்சுவை தாங்கவில்லை. எங்கே தப்பு?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

உங்கள் உறுத்தலுக்கும் உங்கள் கதை இரண்டு பக்கத்தில் படுத்துவிட்டதற்கும் காரணம் ஒன்றுதான். உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொந்தமாக ஒரு வேலையும் இல்லை. மிரள்வதற்கென்றே வந்து நிற்கிறார்கள். அப்படி நிற்பவர்களை வைத்து ஒருமுறைதான் சிரிக்க முடியும்.

தைகா எடுத்துக்கொண்ட மூலத்தையே பாருங்கள். 1878-இல் பேர்ட் வடக்கு ஜப்பானுக்குக் கிளம்பியபோது அவருக்கு வயது 46. மொழிபெயர்ப்பாளராக உடன்போன இட்டோவுக்கு 18 என்று பேர்ட் எழுதுகிறார். யூசாவா என்ற ஊரில் பேர்ட் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்கிறார். சோயா தயிர்க்கட்டியும் டப்பாப் பாலும்தான் சாப்பாடு. கூட்டம் ஏணி வைத்துப் பக்கத்துக் கூரைகளில் ஏறுகிறது. ஒரு கூரை தாங்காமல் இடிந்து, ஐம்பது பேர் கீழே இருந்த காலி அறைக்குள் விழுகிறார்கள். ஒருவர்கூட அலறவில்லை. சிராய்ப்புகளோடு போயிற்று. உடனே நான்கு போலீஸ்காரர்கள் வந்து, ஏதோ பேர்ட்தான் கூரையை இடித்தவர் போல, அவரிடம் பாஸ்போர்ட் கேட்கிறார்கள். நாட்டைத் தெரிந்துகொள்ள வந்தேன் என்றால், வரைபடம் போடுகிறீர்களா என்று விசாரிக்கிறார்கள். அவர்கள் போனதும் கூட்டம் இன்னும் பெரிதாகத் திரும்பி வருகிறது. ஒரு கிழவர் மட்டும் பேரம் பேசுகிறார்: இது ஆணா பெண்ணா என்று சொல்லிவிட்டால் போய்விடுகிறேன். உனக்கு எதற்கு அது என்று அதட்டினால், பார்த்ததை வீட்டில் போய்ச் சொல்ல வேண்டாமா என்கிறார்.

அந்த இடத்தில் பேர்டின் மனம் இளகிவிடுகிறது. இளகாமல் எப்படி இருக்கும்? அவர் செய்துகொண்டிருந்ததும் அதேதானே! பார்த்ததையெல்லாம் தங்கை ஹென்ரியெட்டாவுக்குக் கடிதமாக எழுதிக்கொண்டிருந்தார். ஜப்பானியக் குதிரை ஒன்று இரவுபகல் நிற்காமல் ஓடினால் என் ஊர் போய்ச்சேர ஐந்தரை வாரம் ஆகும் என்று கூட்டத்திடம் சொல்லச் சொல்கிறார். இட்டோ அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பிறகு போகிற ஊரிலெல்லாம் எடுத்துவிடுகிறார். இந்தப் பகுதியில் சிரிப்பு எத்தனை பேரிடம் கைமாறுகிறது என்று கவனியுங்கள். கூட்டம், போலீஸ், கிழவர், பேர்ட், இட்டோ, எல்லாருக்கும் ஒரு பங்கு வருகிறது. ஒருவர்கூட முட்டாள் இல்லை.

மிரட்சியே கூடாது என்பதல்ல. அய்சு சமவெளியில் பேர்ட் தன் தொலைநோக்கியை உறையிலிருந்து எடுக்கப்போனதும் பெருங்கூட்டம் சிதறி ஓடியது. கைத்துப்பாக்கியை எடுக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். அந்தக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. நூற்றுக்கணக்கான பேர் சூழ்ந்து நிற்கும்போது அந்நியர் ஒருவர் உறையிலிருந்து எதையோ உருவினால் யாராக இருந்தாலும் ஓடத்தான் செய்வார்கள். உங்கள் கண்ணாடிக் காட்சியில் இந்த நியாயம் இல்லை. அவர்கள் கண்ணாடியை என்னவென்று நினைத்தார்கள், ஏன் அப்படி நினைத்தார்கள் என்று ஒரு சித்திரக் கட்டத்திலாவது தெரிய வேண்டும். அதைச் சொல்ல முடியாவிட்டால் காட்சியை எடுத்துவிடுங்கள்.

தைகாவின் மிகச் சிறந்த உத்தி, என் கணிப்பில், பேச்சுக் குமிழ்களில் இருக்கிறது. பேர்டுக்குப் புரியாத ஜப்பானியப் பேச்சைப் படிக்கவே முடியாத கிறுக்கலாக வரைகிறார். ஜப்பானிய வாசகருக்கே தன் நாட்டுக் கிராமத்தார் பேசுவது விளங்காது. அவரும் இட்டோ வாய்திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். இப்படிச் செய்தபின் ஊர்க்காரரைப் பார்த்துச் சிரிப்பது எளிதல்ல, ஏனென்றால் ஒன்றும் புரியாமல் முழிப்பது நாம்தான். தமிழில் இதைச் செய்வதென்றால் எழுத்தை லேசாகச் சிதைத்தால் போதாது. கண் தானாகக் கூட்டிப் படித்துவிடும். உயிர்மெய்க் குறிகளை இடம் மாற்றி, சுழிகளை அறுத்து, வடிவம் மட்டும் தமிழாகத் தெரியும்படி வரையுங்கள்.

அடுத்தது, பயணியும் அடிபட வேண்டும். காசுகாபே என்ற ஊரில் பயணத்தின் முதல் இரவு. பேர்டின் கட்டில் என்பது இரண்டு கட்டைகளில் ஆணியடித்த கித்தான். படுத்ததும் கீழ்வரிசை ஆணிகள் படபடவென்று பிடுங்கிக்கொள்ள, கித்தான் மெல்ல இறங்கி, கால்களை இணைக்கும் கூரான கட்டைமேல் அவர் கிடக்கிறார். அசைந்தால் முழுக் கட்டிலும் தரையோடு போகும். தெள்ளும் கொசுவும் பிடுங்க, மூன்று மணி நேரம் அசையாமல் கிடக்கிறார். அப்போது காகிதக் கதவுக்கு வெளியே இட்டோவின் குரல்: தூதரகத்திலிருந்து ஆள் வந்திருக்கிறார், கூட இரண்டு போலீஸ்காரர்கள்.

இதை வரைவதாக இருந்தால், ஆணி பிடுங்கும் சத்தத்துக்குச் சின்னச் சின்னக் கட்டங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரே கோணத்தில் மூன்று கட்டங்கள். கித்தான் மட்டும் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் இறங்கியிருக்கட்டும், வசனம் வேண்டாம். இட்டோவின் குரல் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் வரட்டும். பக்கத்தைத் திருப்பினால்தான் போலீஸ் விளக்கு தெரிய வேண்டும். இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் போட்டால் கண் முந்திப் பார்த்துவிடும், அடி விழாது.

மூட்டை முடிச்சை எடைபோட்டு எழுதிவைத்துக்கொள்வதும் நல்லது. பேர்டின் சாமான் 110 பவுண்டு, இட்டோவின் உடல் எடை 90. சேர்ந்தால் ஒரு குதிரைச் சுமை. மடக்குக் கட்டில், ரப்பர் குளியல் தொட்டி, காற்றடைத்த தலையணை, 4 பவுண்டு உலர்திராட்சை. பட்டியல் உறுதியாக இருந்தால் எது தொலையும், எது நனையும், எதை ஊர்க்காரர் கையிலெடுத்துப் பார்ப்பார் என்று கதையே சொல்லிக்கொடுக்கும்.

ஓர் இடத்தில் மட்டும் சிரிப்பை நிறுத்துங்கள். மலைக் கிராமம் ஒன்றில் பேர்ட் ஒரு சிறுவனின் கடும் இருமலுக்கு மருந்து கொடுத்தார். மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு, சொறி, படர்தாமரை, கண்நோய் என்று கிட்டத்தட்ட ஊரே அவர் அறைக்கு வெளியே திரண்டிருந்தது. முந்தைய ஊர்களில் வேடிக்கை பார்த்த அதே போன்ற கூட்டம்தான். உங்கள் மூலத்திலும் இப்படி ஒன்று இருக்கும், தேடுங்கள். அதற்கு அடுத்த கட்டத்திலேயே வேடிக்கைக்குத் திரும்பாமல், ஒரு பக்கம் வெறும் பாதையைக் காட்டுங்கள். மழை, சேறு, குதிரையின் காலில் வைக்கோல் செருப்பு. அது சில மைலிலேயே பிய்ந்து தொங்கும். எல்லாரும் நின்று புதிதாகக் கட்டியாக வேண்டும். அங்கிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம்.