மறு: ஜிம்மில் தொங்க முடிகிறது, ரேஸில் கை நழுவுகிறது

ஜிம்மில் ஒரு நிமிடத்துக்கு மேல் தொங்குகிறீர்கள், ஆனால் ஸ்பார்டன் சூப்பர் என்ற 10 கிலோமீட்டர் தடை ஓட்டத்தில், வரிசையான கம்பிகளைக் கையால் மாற்றி மாற்றிப் பிடித்துக் கடக்கும் மங்கி பார்ஸின் பாதியிலேயே விழுந்துவிட்டீர்கள். அப்படியென்றால் பிடி வலுவை மட்டும் கூட்டிப் பயனில்லை. மூச்சு வாங்கும்போது, முன்கை ஏற்கெனவே இறுகியிருக்கும்போது பிடிக்கப் பழக வேண்டும்.

வாரம் இரண்டு நாள் இப்படிச் செய்யுங்கள்: 800 மீட்டர் வேகமாக ஓடி, கைக்கு 20 கிலோ வீதம் தூக்கி 40 மீட்டர் நடந்து, ஓய்வே எடுக்காமல் கம்பியில் 30 விநாடி தொங்குங்கள். இது ஒரு சுற்று, மொத்தம் நான்கு. மூன்றாவது வாரத்திலிருந்து கம்பியில் துண்டைப் போட்டு அதைப் பிடித்துத் தொங்கலாம். முழங்கையின் உள்பக்கம் வலித்தால் துண்டை விட்டுவிடுங்கள். தசை வலுக்கும் வேகத்தில், அதை எலும்போடு இணைக்கும் தசைநாண் வலுப்பதில்லை. அங்கே காயம் பட்டால் மாதக்கணக்கில் இழுக்கும்.

கம்பியில் பலரும் கையை மடக்கித் தொங்குவார்கள், ஒவ்வொரு கம்பியிலும் இரண்டு கையையும் சேர்ப்பார்கள். இரண்டுமே வீண் செலவு. கை நீட்டியபடி, இடுப்பிலிருந்து ஊஞ்சலாடி, உடல் முன்னே போகும் கணத்தில் அடுத்த கம்பியைப் பிடியுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பாதி தோற்ற மாதிரிதான்.

கயிறு ஏற்றம் வேறு கதை. அங்கே பாதங்களால் கயிற்றைப் பூட்டத் தெரிந்தால் கைக்கு வேலை குறைவு.

ரேஸ் அன்று தடைக்கு 100 மீட்டர் முன்பே வேகத்தைக் குறைத்து, கைகளை உதறி, சேற்றைச் சட்டையின் உட்புறத்தில் துடையுங்கள். வெளிப்புறம் எப்படியும் நனைந்திருக்கும். கடைசிப் பத்து நாள் தொங்கும் பயிற்சியைப் பாதியாக்குங்கள்.