ஒருவரின் குணத்தை எதைக் கொண்டு அறிவது?

கேள்வி: வேலைக்கான நேர்காணலில் ஒரு வினாத்தாளைக் கொடுத்து, 16 வகை மனிதர்களில் நான் எந்த வகை என்று சொன்னார்கள். சில மாதங்கள் கழித்து அதே மயர்ஸ்-பிரிக்ஸ் தேர்வை மீண்டும் எழுதினேன்; வேறு வகை வந்தது. வினாத்தாள், மைத்தடப் படங்களைக் காட்டி அவற்றில் என்ன தெரிகிறது என்று கேட்பது, நேரில் கவனிப்பது ஆகியவற்றுள் எதை நம்பலாம்?

பதில்: உங்களுக்கு நேர்ந்தது அரிதன்று. அந்தத் தேர்வு ஒவ்வொரு குணத்தையும் நடுவில் கோடு கிழித்து இரண்டாகப் பிரிக்கிறது. பலர் அந்தக் கோட்டுக்கு அருகிலேயே இருப்பதால், ஓரிரு விடைகள் மாறினாலே வகையும் மாறிவிடுகிறது. ஆய்வாளர்கள் பெரிதும் பயன்படுத்தும் ஐங்குண அளவுமுறையோ புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், மனக்கலக்கம் ஆகியவை ஒருவரிடம் எந்த அளவுக்கு உள்ளன என்று மட்டுமே சொல்கிறது. அதுவே நேர்மையான வழி என்பது என் கருத்து.

எனினும் எந்த வினாத்தாளிலும் விடை எழுதுபவர் நாமே. 'ஏற்ற வேலையைக் குறித்த நேரத்தில் முடிப்பேன்' என்ற வரிக்கு, வேலை தேடி வந்தவர் யார்தான் 'இல்லை' என்று எழுதுவார்? 1943இல் வெளியான மினசோட்டா ஆளுமைத் தேர்வு இதற்கொரு வழி கண்டது: சில நேரம் கோபம் வரும் என்பது போல எல்லோரிடமும் உள்ள சிறு குறைகளைக்கூட ஒருவர் தொடர்ந்து மறுத்தால், அவருடைய மற்ற விடைகளும் ஐயத்துக்குரியவை ஆகின்றன.

ரோர்ஷாக் என்ற மனநல மருத்துவர் 1921இல் வெளியிட்ட 10 மைத்தடப் படங்களில் இப்படிப் பூசி மெழுகுவது கடினம்தான். ஆனால் விடைக்குப் பொருள் காண்பதில் தேர்வாளருக்குத் தேர்வாளர் வேறுபாடு எழுகிறது. சிந்தனைக் குழப்பத்தை அறிய மனநல மருத்துவத்தில் அது உதவலாமே அன்றி, ஆள் எடுப்பதற்கு ஏற்றதன்று.

நேரில் கவனிப்பதற்கும் எல்லை உண்டு. ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரு ஆய்வாளர்கள் 1928இல் வெளியிட்ட ஆய்வில், ஓரிடத்தில் நேர்மையாக நடந்த குழந்தைகளே வேறோரிடத்தில் ஏமாற்றினார்கள். ஆகவே பல நாள், பல சூழல்களில் பார்த்தால்தான் நடத்தை விளங்கும். நேர்காணலின் அரைமணி நேரம் அதற்குப் போதாது. ஒருவரின் உள்ளுக்குள் இருக்கும் பதற்றத்தை அறிய அவரையே கேட்க வேண்டும். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாரா என்பதையோ உடன் வேலை செய்தவர்கள் நன்றாகச் சொல்வார்கள்.

உங்கள் வகையை மட்டும் வைத்து அவர்கள் முடிவெடுப்பதாகத் தெரிந்தால், அந்த வேலையின் ஒரு பகுதியைச் செய்துகாட்ட வாய்ப்புத் தருமாறு கேளுங்கள். அப்படிக் கேட்பது முற்றிலும் நியாயமே.