டிகாஸ் இருந்தும் வாஷிங்டனில் விமானமும் ஹெலிகாப்டரும் மோதியது எப்படி?

2025 ஜனவரி 29 இரவு, ரீகன் விமான நிலையத்தில் இறங்க வந்த பயணிகள் விமானமும் ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரும் பொடோமாக் ஆற்றுக்கு மேலே மோதி 67 பேர் இறந்தார்கள். விமானத்தில் இருந்த, மோதலைத் தடுக்கும் டிகாஸ் கருவி என்ன செய்தது என்பது உங்கள் கேள்வி.

சும்மா இருக்கவில்லை. சுமார் 20 விநாடி முன்பே "டிராஃபிக், டிராஃபிக்" என்று குரல் கொடுத்தது. ஆனால் சுமார் 1,000 அடிக்குக் கீழே "ஏறு, இறங்கு" என்று அது கட்டளையிடாது. தரை அவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது அதுவே ஆபத்து. விமானம் அப்போது அதற்கும் கீழேதான் இருந்தது.

என்னைக் கேட்டால், பெரிய தப்பு ஹெலிகாப்டர்களுக்கான வழித்தட வரைபடத்திலேயே இருந்தது. அங்கே ஹெலிகாப்டர்கள் 200 அடிக்கு மேல் பறக்கக்கூடாது என்பது அன்றைய விதி. சரி, அப்படியே பறந்தாலும் 33-ஆம் ஓடுபாதைக்கு இறங்கும் விமானத்துக்கும் அதற்கும் இடைவெளி சில இடங்களில் 75 அடிதான்! அன்று ஹெலிகாப்டர் இருந்ததோ சுமார் 278 அடியில். காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் கருவி குறைவாகக் காட்டியிருக்கலாம்.

அப்புறம் கண் விஷயம். விமானம் தெரிகிறது, நாங்களே விலகிக்கொள்கிறோம் என்றார்கள் ஹெலிகாப்டரில் இருந்தவர்கள். இரவுப் பார்வைக் கண்ணாடி, பின்னால் நகர விளக்குகள், வரிசையாக வரும் வேறு விமானங்கள்; எதைப் பார்த்து அப்படிச் சொன்னார்களோ! விமானத்துக்குப் பின்னால் போகும்படி விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்னதும் அவர்கள் காதில் முழுதாக விழவில்லை போலும். அதே நொடியில் அவர்களுடைய மைக் பொத்தான் அழுத்தப்பட்டிருந்தது; அப்போது எதிர்ப்பக்கக் குரல் கேட்காது. கோபுரத்திலும் ஹெலிகாப்டர்களையும் விமானங்களையும் ஒரே ஆள்தான் கவனித்துக்கொண்டிருந்தார்.