பஃபர் கருவியின் விளக்கத்திலேயே அலகை எழுதுங்கள்

வணக்கம். செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றி 500 மீட்டர் பஃபர் (சுற்று எல்லைப் பட்டை) போடச் சொன்னால், கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளுக்கான உங்கள் கருவி வழியாக ஏஐ ஏஜென்ட் உலகத்தையே மூடுகிற பாலிகனைத் தருகிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் வரைபட அடுக்கு, டிகிரியில் அளக்கும் இபிஎஸ்ஜி 4326 என்ற ஆய அமைப்பில் (சிஆர்எஸ்) இருப்பதால் அந்த 500 டிகிரியாகிவிடுகிறது. ஒரு டிகிரி அட்சரேகையே சுமார் 111 கிலோமீட்டர்!

ரீட்மீ கோப்பில் இதை எச்சரித்திருக்கிறீர்கள், சரி. ஆனால் ஏஜென்டிடம் வழக்கமாகப் போய்ச் சேருவது கருவியின் விளக்கமும் அளவுருக் குறிப்புகளும்தான். ‘பஃபர் தூரம்’ என்று மொட்டையாக விடாமல் இப்படி எழுதுங்கள்: “தூரம், உள்ளீட்டு அடுக்கின் அலகில். அடுக்கு 4326-இல் இருந்தால் முதலில் ரீபுரொஜெக்ட் கருவியால் மீட்டர் அலகுள்ள சிஆர்எஸ்ஸுக்கு மாற்றவும்.” சென்னைக்கு இபிஎஸ்ஜி 32644 பொருந்தும், கோயம்புத்தூர் என்றால் 32643.

அப்புறம் பிழைச் செய்தி. ஆவணத்தைவிட இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். 4326 அடுக்கில் 1-க்கு மேல் தூரம் வந்தால் ஓடவே விடாதீர்கள். அடுத்து எந்தக் கருவியை அழைக்க வேண்டும் என்பதையும் அந்தச் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் ஏஜென்ட் அதைப் படித்துத் தானே திருத்திக்கொள்ளும். வெளியீட்டில் முழு ஜியோஜேசன் வடிவத் தரவையும் கொட்டாமல் கோப்பின் பாதை, சிஆர்எஸ், பரப்பளவு மட்டும் கொடுத்தால் போதும்.