வாசகர் கேள்வி: 59-ஆ, 60-ஆ?

1884இல் அமெரிக்க பேஸ்போலில் பிராவிடன்ஸ் கிரேஸ் அணிக்காகப் பந்துவீசிய சார்ல்ஸ் ராட்போர்னுக்கு ஓரிடத்தில் 59 வெற்றி என்றும் இன்னோரிடத்தில் 60 என்றும் இருக்கிறது. எது சரி?
(வாசகர், ஹட்டன்)

இன்றைய விதிப்படி 59. பேஸ்போலில் அணி வென்றால் அந்த வெற்றி ஒரு வீச்சாளரின் பெயரிலும் எழுதப்படும். தகராறெல்லாம் ஒரேயோர் ஆட்டத்தைப் பற்றித்தான். அந்த ஆண்டு ஜூலை 28, பிலடெல்பியாவில் மில்லர் என்பவர் முதல் ஐந்து இன்னிங்ஸ் (இரு அணியும் ஒருமுறை துடுப்பாடும் சுற்று) வீசினார். அப்போது பிராவிடன்ஸ் 3–4 எனப் பின்தங்கியிருந்தது. ஆறாவது இன்னிங்ஸில் துடுப்பாடி நான்கு ஓட்டம் எடுத்து முந்தியது. அதன்பிறகு ராட்போர்ன் வந்து, மிச்ச நான்கு இன்னிங்ஸிலும் ஓர் ஓட்டமும் கொடுக்கவில்லை. முடிவு 11–4. நன்றாக வீசியவர் இவரே என்று ஸ்கோர் எழுதியவர் வெற்றியை ராட்போர்னுக்குப் போட்டுவிட்டார். இன்றோ, அணி முந்தியபோது கணக்கிலிருந்த வீச்சாளர் மில்லர். தொடக்க வீச்சாளருக்கு வேண்டிய ஐந்து இன்னிங்ஸும் வீசிவிட்டார். ஆகவே வெற்றி அவருடையது.

நம் தோட்டத்துச் செக்ரோலில் (வேலைநாள் பதிவேட்டில்) கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேராவது (அரைநாள் கணக்காவது) விழும். இங்கே அரைப்பேர் கிடையாது, ஒருவருக்கே முழுப்பேர்.

59 என்றாலும் குறைச்சலா என்ன! அந்தப் பருவத்தில் அவர் 678 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார், 73 ஆட்டங்களைத் தொடங்கி 73ஐயும் தானே முடித்தார்.

முரளிக்கு 800 டெஸ்ட் விக்கெட் என்கிறோம், ‘இத்தனை வெற்றி’ என்று சொல்வதில்லையே. பேஸ்போலில் மட்டும் ஏன்?
(வாசகர், கண்டி)

ஆரம்பத்தில் ஓர் அணிக்கு அநேகமாக ஒரே வீச்சாளர்தான். காயம்பட்டாலன்றிப் புது ஆள் உள்ளே வர முடியாது. களத்தில் நிற்பவர்களே இடம் மாறிக்கொள்ளலாம். 1877இல் லூயிவில் அணி 35 வென்று 25 தோற்றது. அணியின் எல்லா இன்னிங்ஸையும் வீசியவர் ஜிம் டெவ்லின், அவர் கணக்கும் அதே 35–25. அணியின் முடிவே வீச்சாளரின் முடிவு என்ற பழக்கம் அப்படி ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்த ஆண்டு பணம் வாங்கி ஆட்டங்களை விட்டுக்கொடுத்த விவகாரத்தில் டெவ்லினும் மூன்று சகாக்களும் ஆயுட்காலத் தடை பெற்றார்கள். 25இல் எது தோற்றது, எது விற்றது? எண் சொல்லாது.

பாடசாலை அணிக்கு ஸ்கோர் எழுதுகிறேன். நடுவில் வீச்சாளர் மாறினால் தோல்வி யாருக்கு?
(மாணவர், பண்டாரவளை)

எதிரணியைக் கடைசிவரை முன்னிலையில் வைத்த ஓட்டம் யார் கணக்கில் விழுகிறதோ அவருக்கு. முதலாமவர் தளத்தில் விட்டுப்போன ஓட்டக்காரர், இரண்டாமவர் வீசும்போது வீட்டுத்தளம் சேர்ந்து ஓட்டத்தை முடித்தாலும் அந்த ஓட்டம் முதலாமவருடையது. பிழை நடப்பதே இங்கேதான். ஆகவே மாறும் கணத்தில் இன்னிங்ஸ், ஸ்கோர், தளத்தில் நிற்பவர்கள் மூன்றையும் உடனே குறித்துவிடுங்கள். பின்னேர மழையில் ஆட்டம் ஐந்து இன்னிங்ஸோடு நின்றால், தொடக்க வீச்சாளர் வெற்றி பெற நான்கு இன்னிங்ஸ் வீசியிருந்தால் போதும்.