ஒரே வீட்டில் இரண்டு 192.168.1.1

மாடியில் சிக்னல் இல்லையென்று பழைய ரவுட்டர் ஒன்றை வைத்து, கீழே இருக்கும் ஃபைபர் பெட்டியிலிருந்து வயர் இழுத்தேன். நெட் வருகிறது, போகிறது. செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தால் ஒருமுறை கீழ்ப்பெட்டி, ஒருமுறை மேல்பெட்டி. பேய் பிடித்ததுபோல் இருக்கிறது சார்.
முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பேயெல்லாம் இல்லை. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண். இரண்டு பெட்டியும் தன்னை 192.168.1.1 என்கிறது, போதாததற்கு இரண்டுமே டிஎச்சிபி (தானாக எண் கொடுக்கும் ஏற்பாடு) வழியாக போன்களுக்கு ஐபி எண் வழங்குகிறது.

முதலில் கீழ்ப்பெட்டியில் டிஎச்சிபி வரம்பை 192.168.1.100 முதல் 200 வரை என்று சுருக்குங்கள். பல பெட்டிகளில் அது 2-லேயே தொடங்கும். அப்படி விட்டால் நாம் மேலே வைக்கப்போகும் எண்ணை யாராவது ஒருவர் போனுக்குத் தூக்கிக் கொடுத்துவிடும். அப்புறம் இணைப்பு வயரைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பை மேல் ரவுட்டரில் மட்டும் மாட்டி, லேன் ஐபியை, அதாவது வீட்டுக்குள் அதற்குள்ள எண்ணை, 192.168.1.2 என்று மாற்றுங்கள். சப்நெட் மாஸ்க் 255.255.255.0, அதில் கை வைக்க வேண்டாம். சேமித்ததும் பழைய பக்கம் திறக்காது, பயப்படாதீர்கள். புது எண்ணில் உள்ளே போய், கடைசியாக அங்கே டிஎச்சிபியை அணையுங்கள். இந்த வரிசை முக்கியம். நான் ஒரு முறை டிஎச்சிபியை முதலில் அணைத்துவிட்டு, லேப்டாப்புக்கு எண்ணே கிடைக்காமல், ரீசெட் ஓட்டையில் ஊக்கால் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கீழிருந்து வரும் வயர் மேல் ரவுட்டரின் லேன் போர்ட்டில் போக வேண்டும், வெளி இணையத்துக்கான வான் போர்ட்டில் அல்ல. உங்கள் ரவுட்டரில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ (வைஃபை பரப்புவதை மட்டும் செய்யும் நிலை) இருந்தால் இத்தனை பாடும் வேண்டாம், அதைத் தட்டினால் போதும்.

ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கரண்ட் போய் வந்தாலே பிரின்டர் ‘ஆஃப்லைன்’ என்கிறது.
மஞ்சக்குப்பம், கடலூர்

கரண்ட் வந்ததும் பிரின்டருக்கு வேறு எண் கிடைக்கிறது. கம்ப்யூட்டர் இன்னும் பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கிறது. ரவுட்டரில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்ற பகுதியில் பிரின்டரின் மேக் அட்ரஸை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) கொடுத்து ஒரு எண்ணை அதற்கென்றே ஒதுக்குங்கள். பிறகு கம்ப்யூட்டரில் பிரின்டரை நீக்கிவிட்டு அந்த எண்ணில் ஒருமுறை சேர்த்துவிடுங்கள்.

கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறோம். சனி, ஞாயிறு மட்டும் புதிதாக வருபவர்களின் போன் ‘ஐபி பெறுகிறது’ என்று அப்படியே நிற்கிறது. நெட் வேகத்தை ஏற்றியும் பயனில்லை.
மிஷன் வீதி, புதுச்சேரி

வேகத்துக்குக் கொடுத்த காசு வீண். நீங்கள் அனுப்பிய படத்தில் டிஎச்சிபி வரம்பு 100 முதல் 149 வரை, அதாவது 50 எண்கள்தான். லீஸ் நேரம் 24 மணி. காலையில் அறையைக் காலி செய்தவரின் எண் மறுநாள் வரை அவர் பெயரிலேயே கிடக்கிறது. சாவியைத் திருப்பித் தராமல் போன மாதிரி. ஆளுக்கு ஒரு போன், ஒரு லேப்டாப், பிள்ளைகளுக்கு ஒரு டேப் என்றால் 50 எந்த மூலைக்கு?

வரம்பை 20 முதல் 250 வரை விரியுங்கள், 231 எண்கள் கிடைக்கும். லீஸை 2 மணி நேரமாகக் குறையுங்கள். உள்ளே இருப்பவர்களின் போன் பாதி நேரத்திலேயே தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், அவர்களுக்கு எதுவும் தெரியாது. அறைக்காரர்களை ‘கெஸ்ட் நெட்வொர்க்’கில் விடுங்கள். உங்கள் கேமராவும் பில் கம்ப்யூட்டரும் அவர்களோடு ஒரே நெட்வொர்க்கில் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பழைய வீட்டின் தடிச்சுவர் வைஃபையை விழுங்குவது வேறு கதை. அதற்கு வயர் இழுப்பதுதான் நல்ல வழி.

192.168 அலுத்துவிட்டது. 50.50.50.1 என்று வைக்கலாமா?
கல்லூரி மாணவர், கடலூர் முதுநகர்

வேண்டாம் தம்பி. அது வெளி இணையத்தில் இன்னொருவருடைய முகவரி. அந்தப் பக்கம் இருக்கும் தளம் உங்கள் வீட்டில் திறக்காது. வீட்டுக்குள் புழங்க 1996-லேயே மூன்று வரிசைகளை ஒதுக்கிவிட்டார்கள்: 10-ல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168. ஆசைக்கு 10.50.50.1 வைத்துக்கொள்ளுங்கள்.

ரவுட்டரில் வெளியிலிருந்து கேமராவுக்கு வழி திறக்கும் போர்ட் ஃபார்வர்டிங் எல்லாம் சரியாகப் போட்டும் தோப்புக் கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க முடியவில்லை.
நெல்லிக்குப்பம்

ரவுட்டரில் வான் ஐபியை, அதாவது இணைப்பு தருபவர் ரவுட்டருக்குக் கொடுத்த எண்ணை, பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால், பல வாடிக்கையாளர்களுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உங்கள் பக்கம் என்ன செய்தாலும் திறக்காது. இணைப்பு தருபவரிடம் ‘ஸ்டாட்டிக் பப்ளிக் ஐபி’ (உங்களுக்கே உரிய, மாறாத பொது முகவரி) கேளுங்கள், தனிக் கட்டணம் சொல்வார்கள். அல்லது கேமராவின் சொந்த ஆப் வழியாகவே பாருங்கள்.